போடியம்: போருக்கா, பார்வைக்கா?

இங்கிலாந்தின் கோட்டைகளைப் பற்றி எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் போடியம் கோட்டையின் படம் ஒன்று கண்ணில் படாமல் போகாது. சுற்றிலும் பரந்த நீர். நடுவே சதுரமாக எழும் மணற்கல் மதில். மூலைக்கு ஒன்றாக நான்கு உருண்டைக் கொத்தளங்கள். இவ்வளவும் தலைகீழாக நீரில் இன்னொரு முறை. கோட்டை என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று நாம் மனத்தில் வைத்திருக்கும் வடிவத்துக்கு இதைவிடக் கச்சிதமான உதாரணம் கிடைப்பது கடினம். 1975-இல் மாண்ட்டி பைத்தான் குழுவினர் ஆர்தர் மன்னரைக் கேலி செய்து எடுத்த படத்தில்கூட, தூரத்தில் ஒரு கோட்டை தெரியவேண்டிய இடத்தில் இதைத்தான் காட்டினார்கள்.

இத்தனை வீறாப்பாக நிற்கும் கோட்டையில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு சண்டைகூட நடந்ததில்லை. கட்டி 600 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. கட்டியவர் எதிரிக்கு அஞ்சிக் கட்டினாரா, ஊரார் அண்ணாந்து பார்க்கவேண்டும் என்று கட்டினாரா என்ற கேள்வியை வைத்துக்கொண்டு ஆங்கிலத் தொல்லியலாளர்கள் 1980-களிலிருந்து மல்லுக்கட்டுகிறார்கள். ‘போடியத்துக்கான போர்’ என்றே அந்த விவாதத்துக்குச் செல்லப்பெயர் உண்டு. கோட்டை கண்ட பெரிய போர் அதுதான்.

கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் மதிலின் கனத்தையும் துளைகளின் அளவையும் மட்டும் வைத்து அதற்கு விடை தேடியதால்தான் விவாதம் இழுத்துக்கொண்டே போனது என்று எனக்குத் தோன்றுகிறது. போடியத்தைப் புரிந்துகொள்ளக் கல்லை விட்டு வெளியே வந்து, அதைச் சுற்றியுள்ள நிலத்தைப் பார்க்கவேண்டும்: நீர், கரை, பாதை, ஆறு, மேட்டுநிலம். அந்த நிலம் ஒருமுறை 1380-களிலும், இன்னொரு முறை 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளிலும் மனிதர் கையால் ஒழுங்கு செய்யப்பட்டது. இரண்டாவது முறை அதைச் செய்தவரை நமக்கும் நன்றாகத் தெரியும்.

கிழக்கு சசெக்ஸில், ரை என்ற பழைய துறைமுக ஊரிலிருந்து உள்நாட்டுப் பக்கமாக ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தொலைவில், ரோதர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் சரிவில் இருக்கிறது போடியம். ரோதர் இன்று கால்வாய் போல ஒடுங்கிக் கிடக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் கடலிலிருந்து படகுகள் இதன் வழியே மேலேறி வந்தன. அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியர்கள் இங்கே ஒரு படகுத்துறை வைத்திருந்தார்கள். அவர்களுடைய பிரிட்டன் கடற்படையின் முத்திரை பதித்த ஓடுகள் இங்கே மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன. ஆற்றைக் கடக்கும் இடமும் படகு வந்து நிற்கும் இடமும் ஒன்றாக அமைந்த ஊர் இது. கோட்டை வருவதற்கு முன்பே இந்த மண்ணுக்கு மதிப்பு இருந்தது.

கோட்டையைக் கட்டியவர் சர் எட்வர்ட் டாலிங்ரிட்ஜ். வீட்டின் இளைய மகன். இங்கிலாந்து வழக்கப்படி குடும்பச் சொத்து மூத்தவனுக்குப் போய்விடும், இளையவன் தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ளவேண்டும். அவர் பார்த்துக்கொண்ட பிழைப்பு போர். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே நூறாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். 1360-களின் பிற்பகுதியில் பிரான்சுக்குப் போய் சர் ராபர்ட் நோல்ஸ் என்பவரின் கூலிப்படையில் சேர்ந்தார். சம்பளத்தைவிடக் கொள்ளையும், பிடித்த ஆளை விடுவிக்க வாங்கும் பணமும்தான் அந்தப் படைகளுக்குப் பெரிய வருமானம். எரிந்துபோன வீடுகளில் கூரை விழுந்து முக்கோணச் சுவர் மட்டும் மிஞ்சி நிற்குமே, அதை ‘நோல்ஸின் மகுடங்கள்’ என்று பிரான்சில் அழைத்தார்களாம். அப்படிப்பட்டவரிடம் தொழில் கற்றவர் 1377 வாக்கில் கையில் பணத்தோடு சசெக்ஸுக்குத் திரும்பினார். எலிசபெத் வார்ட்யூ என்ற பெண்ணை மணந்திருந்தார். போடியம் பண்ணை அவள் வழியாக வந்த சொத்து. 1379 முதல் பல முறை சசெக்ஸின் பிரதிநிதியாக நாடாளுமன்றத்தில் அமர்ந்தார்.

ஆக, புதுப்பணக்காரர். இந்த ஒரு குறிப்பு போடியத்தின் பாதியை விளக்கிவிடும். இன்னொரு பாதியை விளக்கும் சம்பவம் 1384-இல் நடந்தது. அரசரின் சித்தப்பாவும் நாட்டின் மிகப் பெரிய பிரபுவுமான ஜான் ஆஃப் காண்ட் சசெக்ஸில் நிலம் வாங்கி, அங்கே தன் நீதிமன்ற உரிமையைச் செலுத்தத் தொடங்கியிருந்தார். உள்ளூர்ச் சீமான்களுக்கு அது பிடிக்கவில்லை. டாலிங்ரிட்ஜின் ஆட்கள் காண்டின் அதிகாரிகளைத் தாக்கினார்கள், வேட்டைக்காட்டைச் சேதப்படுத்தினார்கள். வழக்கு வந்தபோது டாலிங்ரிட்ஜ் நீதிமன்றத்திலேயே தன் கையுறையைக் கழற்றித் தரையில் எறிந்தார். முடிந்தால் என்னோடு ஒற்றைக்கு ஒற்றை நின்று பார் என்று அர்த்தம். சிறைக்குப் போனார். அரண்டல் பிரபுவின் தயவில் வெளியே வந்தார். மறு ஆண்டு, 1385 அக்டோபரில், தன் வீட்டு மதிலில் ஞாயில், அதாவது பல்வரிசை போன்ற மதில்முகடு, வைத்துக்கட்ட அரசர் இரண்டாம் ரிச்சர்டின் அனுமதி அவர் கையில் இருந்தது.

அனுமதி அரசரின் எதிரிகளிடமிருந்து சுற்றுவட்டாரத்தைக் காப்பதற்காக என்கிறது. வெறும் சாக்கு என்று அதைத் தள்ளிவிட முடியாது. 1372-இல் லா ரோஷெல் கடற்போரில் தோற்ற பிறகு ஆங்கிலக் கால்வாய் இங்கிலாந்தின் கைவிட்டுப் போயிருந்தது. 1377-இல் பிரெஞ்சுக்காரர்கள் ரை நகரைக் கொளுத்தினார்கள். 1380-இல் பக்கத்திலுள்ள வின்ச்செல்ஸீக்கும் அதே கதி. 1385, 86-இல் பெரும் படையெடுப்பு வரப்போகிறது என்று தென்கரை முழுக்கப் பீதி. போதாததற்கு 1381-இல் உழவர் கிளர்ச்சி வேறு சீமான்களை நடுங்க வைத்திருந்தது. பழைய தலைமுறை வரலாற்றாசிரியர்கள் இந்த ஆவணத்தை அப்படியே நம்பி, ரோதர் பள்ளத்தாக்கின் காவல் அரண் என்று போடியத்தை எழுதிவைத்தார்கள்.

ஒன்றை மட்டும் அவர்கள் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. அனுமதி கிடைத்தது ஏற்கெனவே இருந்த பண்ணை வீட்டைப் பலப்படுத்திக்கொள்ள. டாலிங்ரிட்ஜ் அதைத் தொடவே இல்லை. வேறு இடம் பார்த்து, அடித்தளத்திலிருந்து புதிதாக ஒரு கோட்டையை எழுப்பினார். அதற்கு முன்பே, 1383-இல், போடியத்தில் வாரச் சந்தையும் ஆண்டுச் சந்தையும் கூட்ட உரிமை வாங்கியிருந்தார். 1386-இல் மாவாலைக்காக ஓடைத் தண்ணீரைத் திருப்பிக்கொள்ளவும் அனுமதி பெற்றார். சந்தை, ஆலை, படகுத்துறை, கோட்டை என ஒரு முழு ஊரையே புதிதாக வடிவமைத்துக்கொண்டிருந்தார் மனிதர்.

இனி நடந்து பார்க்கலாம். டென்டர்டன் ஊரிலிருந்து புறப்படும் பழைய நீராவி ரயிலின் கடைசி நிலையம் போடியம். ஒரு காலத்தில் பீருக்கான ஹாப்ஸ் கொடிகள் படர்ந்திருந்த வயல்களுக்கு நடுவே இறக்கிவிடுகிறது. ரோதர் பாலத்தைத் தாண்டினால் வடக்கே நிலம் மெல்ல உயர்கிறது. அந்தச் சரிவின் நடுவில் கோட்டை. உச்சியில் இல்லை என்பதை முதலில் குறித்துக்கொள்ளவேண்டும். கோட்டைக்குப் பின்னால் வடக்கே மேடு இன்னும் ஏறிக்கொண்டே போகிறது. மேலே நிற்கும் யாரும் கோட்டைக்குள் எட்டிப் பார்க்கலாம். அரண் கட்ட வந்த சிப்பாய் தேர்ந்தெடுக்கும் இடம் இது அல்ல.

தெற்கிலிருந்து ஏறும்போது அகழி உடனே தெரிவதில்லை. புல் மூடிய ஒரு மண்கரைதான் எதிரே நிற்கிறது. அதன்மேல் ஏறிய பிறகுதான் நீர். நம் ஊரில் ஏரிக்கரையின் புறச்சரிவில் ஏறிப் பழகியவருக்கு இங்கே என்ன நடந்திருக்கிறது என்று விளக்கத் தேவையில்லை. அகழி என்றால் தோண்டிய பள்ளம் என்று நினைக்கிறோம். போடியத்தின் அகழி உண்மையில் சரிவில் கரை போட்டுத் தேக்கிய ஏரி. மேட்டுப் பக்கம் ஊற்றுகள் நீர் தருகின்றன. தாழ்ந்த பக்கமான தெற்கிலும் கிழக்கிலும் மண்கரை அதைத் தடுத்து நிறுத்துகிறது. ஆழம் சராசரியாக 1.5 மீட்டர்தான். தென்கிழக்கு மூலையில் இரண்டு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். கரையை ஓரிடத்தில் வெட்டிவிட்டால் தண்ணீர் தானாக வடிந்து ரோதரில் சேர்ந்துவிடும். முற்றுகையிட்ட படைக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த ஆட்கள் கொஞ்சம் பேர் போதும் என்று வாதிட்டார் சார்ல்ஸ் கூல்சன். போடியம் விவாதத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வாளர் அவர்.

கூல்சன் 1990-களின் தொடக்கத்தில் எழுதிய நீண்ட ஆய்வுதான் பழைய படத்தைப் புரட்டிப் போட்டது. அவருக்கு முன்பே 1986-இல் டி. ஜே. டர்னர், இது நிஜக் கோட்டையா, ஓய்வுபெற்ற சிப்பாயின் கனவு வீடா என்று கேட்டிருந்தார். கூல்சன் கல்கல்லாகப் பார்த்தார். துப்பாக்கித் துளைகள் வாயிற்கோபுரத்தோடு சரி, பின்பக்கத்தைக் காக்க எதுவும் இல்லை. சிற்றாலயத்தின் சாளரம் வெளிமதிலிலேயே அகலமாகத் திறந்திருக்கிறது. ஞாயில் வைக்க அரசரிடம் அனுமதி கேட்பது, அவர் கணக்குப்படி, பாதுகாப்பு ஏற்பாட்டைவிடக் கௌரவப் பட்டம் வாங்குவதற்கு நெருக்கமானது. கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது. கேட்டவர்களில் பாதிரியார்களும் உண்டு, சிறு சீமான்களும் உண்டு.

மறுப்பும் வந்தது. 2007-இல் காலின் பிளாட், இந்தப் புதிய பார்வை அளவுக்கு மீறிப் போகிறது என்று எச்சரித்து எழுதினார். ரை எரிந்ததைக் கண்ணால் கண்ட தலைமுறைக்குப் பயம் பொய்யல்ல என்பது அவர் பக்கத்து நியாயம். கோட்டைக்குள் நுழையும் வழியைப் பார்த்தால் அவர் சொல்வதிலும் சத்து இருப்பது தெரியும்.

அந்த வழியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். இன்று வடகரையிலிருந்து நேராக ஒரு மரப்பாலம் வாசலுக்குக் கொண்டுபோகிறது. அது பிற்காலத்து வசதி. டாலிங்ரிட்ஜ் காலத்தில் பாலம் மேற்குக் கரையிலிருந்து தொடங்கியது. கிழக்கு நோக்கி நீரின்மேல் நடந்து, அகழியின் வடபகுதியில் இருக்கும் எட்டுப்பட்டைத் தீவு ஒன்றை அடையவேண்டும். அதுவரை கோட்டை முழுக்க முழுக்க உங்கள் வலப்பக்கம் நிற்கும். வீரன் கேடயத்தை இடக்கையில் பிடிப்பான். சோற்றுக்கைப் பக்கம் மதிலைப் பார்த்துத் திறந்து கிடக்கும். தீவில் வலப்பக்கம் திரும்பினால் ஒரு தூக்குப்பாலம், அதைத் தாண்டி ஒரு முன்வாசல், மறுபடி தண்ணீர், பிறகுதான் இரட்டைக் கோபுரம் கொண்ட தலைவாசல். கோபுரங்களில் சாவித்துளை வடிவத்தில் துப்பாக்கித் துளைகள். வாசல் மேலே இருந்து சரிந்து இறங்கும் மரக்கிராதிக் கதவு ஒன்று பழைய கட்டையாகவே இன்றும் தொங்குகிறது. உள்ளே நடைவழியின் வளைவுக் கூரையில் வட்டத் துளைகள். மேலே நிற்பவன் கீழே மாட்டிக்கொண்டவன் தலையில் எதை வேண்டுமானாலும் கொட்டலாம்.

இத்தனையும் பகைவனுக்காக என்றால் பின்வாசலுக்கு ஏன் இதில் பாதிகூட இல்லை? தெற்கு மதிலின் நடுவில் திட்டிவாசல் போல ஒரு சிறு நுழைவு, அதற்கும் ஒரு பாலம் இருந்தது. முன்பக்கத்தின் கெடுபிடி அங்கே கிடையாது. எனக்குப் பதில் வாசலுக்கு மேலேயே செதுக்கியிருப்பதாகப் படுகிறது. தலைவாசல் மேல் மூன்று கேடயச் சின்னங்கள்: டாலிங்ரிட்ஜ் குடும்பத்தினுடையது, மனைவி வழி வார்ட்யூ குடும்பத்தினுடையது, உறவு வழி ராடின்டன் குடும்பத்தினுடையது. திட்டிவாசல் மேல் பழைய எஜமான் ராபர்ட் நோல்ஸின் சின்னம். மண்ணும் குலமும் முன்னால், அதை வாங்கிக்கொடுத்த போர்ப்பணம் பின்னால். விருந்தாளி எந்தப் பக்கம் எதைப் படிக்கவேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்த அறிவிப்புப் பலகைகள் இவை. பாலமும் அதே வேலையைச் செய்கிறது. எதிரியின் வலப்பக்கத்தை அம்புக்குக் காட்டும் அதே திருப்பம், விருந்தாளிக்குக் கோட்டையின் ஒரு முகத்தை நீளவாக்கில் காட்டி முடித்துவிட்டுத் தலைவாசலை முகத்துக்கு நேரே கொண்டுவந்து நிறுத்துகிறது. ஒரே வளைவு இரண்டு வேலை செய்கிறது. இதில் எது நிஜ நோக்கம் என்று கேட்பது, கல்யாண மண்டபத்தின் வாசல் தோரணம் நிழலுக்கா அழகுக்கா என்று சண்டை போடுவதைப் போன்றது.

1988-இல் அரசு நினைவுச்சின்ன ஆணையம் ஒன்றின் ஆய்வாளர்கள் கோட்டையை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள நிலத்தை அங்குலம் அங்குலமாக அளந்து வரைபடமாக்கினார்கள். விவாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். புல்லுக்கடியில் குளங்களின் வரிசை, பழைய ஆலைக்குட்டை, ஆற்றோரப் படகுத்துறையாகத் தோன்றும் பள்ளம் எல்லாம் தெரிந்தன. குதிரைச் சிலம்பக் களம் என்று ஊரார் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த இடம் மாவாலைக்குத் தண்ணீர் தேக்கிய குட்டையாம். வடக்கு மேட்டில் ‘துப்பாக்கித் தோட்டம்’ என்று பெயர் பெற்ற ஒரு சமதளம் உண்டு. பீரங்கி வைத்த இடமாக இருக்கும் என்று கதை. அளந்தவர்களுக்கு அது கோட்டையையும் நீரையும் மேலிருந்து முழுசாகப் பார்ப்பதற்கென்றே கட்டிய மேடையாகத் தெரிந்தது. ஆற்றிலிருந்து வருபவன் குளங்களுக்கு இடையே நடத்திச் செல்லப்பட்டு, கோட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டபடி வடக்கே போய்ச் சேர்ந்தான் என்பது அவர்களுடைய வாசிப்பு. இடைக்காலத்து நிலத்தோட்டக் கலை என்று ஒன்று இருந்தது என்ற எண்ணம் ஆங்கிலத் தொல்லியலில் வேர்பிடித்ததற்கு இந்த வரைபடத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

2010-க்குப் பிறகு மாத்யூ ஜான்சன் தலைமையில் சவுத்தாம்ப்டன், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகங்களின் குழு மறுபடியும் இங்கே வந்தது. தோண்டாமலே மண்ணுக்குள் பார்க்கும் கருவிகளோடு வந்தார்கள். போரா, பகட்டா என்ற கேள்வியையே ஜான்சன் ஓரமாக வைத்துவிட்டார். இந்த நிலத்தில் தினம் வேலை செய்தவர்கள் யார், அவர்கள் எந்தப் பாதையில் எதைச் சுமந்து நடந்தார்கள் என்று கேட்டார். பிரபுவின் விருந்தாளிக்கு அழகாகத் தெரிந்த குட்டை, ஆலைக்காரனுக்கு வேலை. கரையில் சேறு அள்ளியவனின் பெயர் எந்தக் கேடயத்திலும் இல்லை. கேள்வியை இப்படி மாற்றிப் போட்டது எனக்குச் சரியாகவே படுகிறது.

உள்ளே போனால் அந்தக் கேள்விக்குப் பொருள் அதிகம் கிடைக்கிறது. கூரைகளும் தளங்களும் போய்விட்டன. ஆனால் சுவர்களில் கணப்புகளின் குழிகளும் வாசல்களும் அப்படியே இருப்பதால் வீட்டின் திட்டத்தை எளிதாகப் படிக்கலாம். நடுவில் முற்றம், நாற்புறமும் அறைகள். தெற்கே பெருங்கூடம். அதன் ஒரு சுவரில் வரிசையாக மூன்று வாசல்கள்: பானங்கள் வைக்கும் அறைக்கு ஒன்று, ரொட்டி வைக்கும் அறைக்கு ஒன்று, நடுவில் உள்ளது சமையலறைக்கு. சமையலறையில் ஆள் நின்று உள்ளே நடக்கலாம் போன்ற அடுப்புகள். தென்மேற்குக் கொத்தளத்தின் அடியில் கிணறு. அதே கொத்தளத்தின் உச்சியில் சுமார் 300 புறாக்கூடுகள். பனிக்காலத்தில் புதிய இறைச்சிக்கு அதுதான் கையிருப்பு. கிழக்கே பிரபுவின் அறைகளும் சிற்றாலயமும். மேற்கே ஏவலாட்களுக்குத் தனிக் கூடம், தனிச் சமையலறை. யார் எந்தக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதைக் கல்லிலேயே எழுதிவிட்டார்கள். இதை நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

30-க்கு மேற்பட்ட கணப்புகள். 28 கழிப்பறைகள். அந்தக் காலத்துக்கு இது சொகுசின் உச்சம். கழிப்பறை ஒவ்வொன்றும் மதிலின் கனத்துக்குள் குடையப்பட்ட சரிகுழாய் வழியாக நேராக அகழியில் திறக்கிறது. வானமும் கொத்தளமும் பிரதிபலிக்கும் அந்தப் புகழ்பெற்ற நீர், கோட்டையில் ஆள் நிறைந்திருந்த காலத்தில் எப்படி மணத்திருக்கும் என்று எந்த அஞ்சலட்டையும் சொல்வதில்லை.

டாலிங்ரிட்ஜ் அதிக நாள் இதை அனுபவிக்கவில்லை. 1392-இல் லண்டன் நகரத்தோடு சண்டை போட்ட இரண்டாம் ரிச்சர்ட், மேயரை நீக்கிவிட்டு இவரைச் சிறிது காலம் நகரின் காவலராக வைத்தார். அடுத்த ஆண்டு டாலிங்ரிட்ஜ் இறந்தார். கோட்டை பின்னர் லூக்னர் குடும்பத்துக்குப் போனது. 1483-இல் தாமஸ் லூக்னர் மூன்றாம் ரிச்சர்டுக்கு எதிராகச் சேர்ந்தபோது முற்றுகைக்கு ஆணை பிறந்தது. அநேகமாகச் சண்டையின்றியே கோட்டை பணிந்திருக்கவேண்டும். உள்நாட்டுப் போரின்போது 1644-இல், அரசர் பக்கம் நின்ற தானட் பிரபு இதை நாடாளுமன்றக் கட்சிக்காரர் ஒருவருக்கு விற்றார். உள்கட்டடங்கள் இடிக்கப்பட்டன. அதன் பிறகு ஐவி கொடிதான் குடியிருந்தது. இடிபாடு என்றால் உருகும் காலம் பிறந்ததும் ஓவியர்கள் வந்தார்கள், கவிஞர்கள் வந்தார்கள், பழையதைக் கல் விலைக்கு விற்க நினைத்தவர்களும் வந்தார்கள்.

அந்தக் கடைசி ஆசாமிகளிடமிருந்து 1829-இல் இதை வாங்கிக் காப்பாற்றியவர் ஜான் ஃபுல்லர். ‘கிறுக்கு ஜாக்’ என்று ஊரில் பெயர். பக்கத்து ஊரான பிரைட்லிங்கில் தனக்குக் கல்லறையாக முன்கூட்டியே ஒரு பிரமிடு கட்டிவைத்தவர். மைக்கேல் ஃபாரடே முதலில் வகித்த வேதியியல் பேராசிரியர் பதவி இவர் கொடுத்த நன்கொடையில்தான் உருவானது. கைக்காசைப் போட்டு இடிபாட்டைக் காத்த கலாரசிகர் என்று கதை இனிமையாக முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கைக்காசு வந்த இடங்களில் ஒன்று, அடிமைகள் உழைத்த ஜமைக்கா கரும்புத் தோட்டங்கள். நாடாளுமன்றத்தில் எழுந்து அடிமை முறைக்கு வக்காலத்து வாங்கியவர் ஃபுல்லர். பிரான்சின் கிராமங்களில் அள்ளிய பணம் கட்டியதை ஜமைக்காவில் பிழிந்த பணம் காப்பாற்றியது. கோட்டையின் கணக்குப் புத்தகத்தில் இரண்டு பதிவுகளும் ஒரே பக்கத்தில் இருக்கவேண்டியவை.

அடுத்து, லண்டனின் பெருங்கட்டடக்காரர் தாமஸ் க்யூபிட்டின் மகன் ஜார்ஜ் க்யூபிட். பிற்பாடு ஆஷ்கோம்ப் பிரபு. சில பழுதுகளைச் சரிபார்த்தார். அவரிடம் கோட்டையை விலைக்குக் கேட்டுப் பார்த்து ஏமாந்த ஒருவர் உண்டு. 1917-இல் ஆஷ்கோம்ப் இறந்ததும் மகனிடம் பேசி வாங்கியேவிட்டார். அவர் பெயர் கர்சன்.

வங்கப் பிரிவினையின் கர்சன்தான். இந்திய வரலாற்றில் அவருடைய இன்னொரு முகத்தை நாம் கொஞ்சம் குறைவாகவே பேசுகிறோம். 1899 முதல் 1905 வரை வைஸ்ராயாக இருந்தபோது தொல்லியல் துறையைத் தூக்கி நிறுத்தினார். 1902-இல் ஜான் மார்ஷலை அதன் தலைமைக்குக் கொண்டுவந்தார். 1904-இல் பண்டைய நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார். ஆபத்தில் இருக்கும் சின்னத்தை, தனியார் சொத்தாக இருந்தாலும், அரசு கட்டாயமாகக் கையகப்படுத்த அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. வழிபாட்டில் உள்ள இடங்களுக்கு மட்டும் விலக்கு.

அதே காலத்தில் இங்கிலாந்தின் நிலை என்ன? 1882-இல் வந்த சட்டம் ஒன்று இருந்தது. பெரும்பாலும் வரலாற்றுக்கு முந்தைய கல்வட்டங்களுக்கும் மேடுகளுக்கும் மட்டுமே அது பொருந்தும். சொந்தக்காரர் சம்மதிக்காமல் அரசு எதையும் தொட முடியாது. அந்தப் பல்லில்லாத சட்டத்தை நிறைவேற்றவே நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் லப்பக் 1870-களின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் நிலச்சீமான்கள். என் மதில், என் இஷ்டம் என்றார்கள். கல்கத்தாவில் அப்படிச் சொல்லிச் சட்டத்தைத் தடுக்க யாருக்கும் வாக்கு இல்லை. காலனியில் ஒரு கையெழுத்தில் முடிந்த காரியம் தாய்நாட்டில் ஒரு தலைமுறையாக முடியாமல் கிடந்தது.

1911-இல் லிங்கன்ஷயரில் டாட்டர்ஷால் என்ற 15ஆம் நூற்றாண்டுச் செங்கல் கோட்டையின் சிற்பக் கணப்புகளைப் பெயர்த்து விற்றுவிட்டார்கள், அமெரிக்காவுக்குக் கப்பலேற்றப் போகிறார்கள் என்ற செய்தி கிளம்பியது. கர்சன் கோட்டையை வாங்கினார். கணப்புகளைத் தேடிப் பிடித்து மீட்டு, 1912-இல் மறுபடியும் அதே சுவரில் பதித்தார். அந்தக் கொந்தளிப்பு 1913-இல் இங்கிலாந்துக்குப் பல்லுள்ள ஒரு நினைவுச்சின்னச் சட்டம் கிடைக்க உதவியது. இந்தியாவில் ஒத்திகை பார்த்த யோசனை ஒன்பது ஆண்டு கழித்து ஊர் திரும்பியது என்று சொல்வதில் பெரிய மிகை இல்லை.

போடியத்தில் வேலை 1919-இல் தொடங்கியது. கர்சன் அப்போது வெளியுறவு அமைச்சர். டாட்டர்ஷாலில் உழைத்த வில்லியம் வியர்தான் இங்கேயும் கட்டடக் கலைஞர். அகழியை வடித்தார்கள். பல நூற்றாண்டுச் சேற்றுக்கு அடியில் பழைய பாலத்தின் கருவாலி மரக் கட்டைகள் கிடந்தன. பாலம் மேற்கிலிருந்து வந்தது என்ற செய்தி அங்கேதான் உறுதியாயிற்று. தென்மேற்குக் கொத்தளத்தின் கிணறும் அப்போது வெளிப்பட்டதுதான். மதிலை மூடியிருந்த கொடிகளை உரித்தெடுத்தார்கள். விழுந்ததை மறுபடி கட்டவில்லை. நிற்பது விழாமல் பார்த்துக்கொண்டார்கள். முற்றத்திலும் கரையிலும் ஒட்ட வெட்டிய புல்வெளி வந்தது. இன்று நாம் அசல் இடைக்காலம் என்று நினைத்துப் படம் பிடிக்கும் காட்சி, தூய நீர், வழித்தெடுத்த மதில், பச்சைக் கம்பளம், இதெல்லாம் கர்சன் கைபட்டது. டாலிங்ரிட்ஜ் காலத்து முற்றத்தில் குதிரைச் சாணமும் வண்டிச் சுவடும்தான் இருந்திருக்கும்.

இந்தப் புல்வெளியை நான் முன்பே வேறெங்கோ பார்த்திருக்கிறேன் என்று தமிழ் வாசகருக்குத் தோன்றினால் அது பிரமை இல்லை. தாஜ்மகால் தோட்டத்தின் அடர்ந்த மரங்களைக் குறைத்து, கட்டடம் தூரத்திலிருந்தே தெரியும்படி புல்தரை விரிக்கவைத்தவரும் கர்சன்தான். சின்னத்தைச் சுற்றி மனிதக் குடியிருப்பையும் அன்றாட இரைச்சலையும் விலக்கி, நடுவில் கல்லைத் தனியாக நிற்கவைக்கும் அந்த ரசனை தொல்லியல் துறையோடு நாடெங்கும் பரவியது. 1904 சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது, 1958-இன் இந்தியச் சட்டம் அதன்மேல்தான் எழுந்தது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைச் சுற்றிலும், கங்கைகொண்ட சோழபுரத்திலும் வெயிலில் தண்ணீர் குடித்துக்கொண்டு கிடக்கும் புல்லைப் பாருங்கள். மழைநாட்டில் தானாக வளர்வதை நம் மண்ணில் குழாய் போட்டு வளர்க்கிறோம். பாதுகாப்பில் குறை சொல்ல வரவில்லை. அந்தச் சட்டம் இல்லையென்றால் எத்தனை கல் எந்தெந்த வீட்டுப் படியாகியிருக்கும் என்று நமக்குத் தெரியும். ஆனால் சின்னம் என்றால் இப்படித்தான் தெரியவேண்டும் என்ற பார்வைக்கும் ஒரு பிறந்த தேதி உண்டு, ஒரு வர்க்கமும் உண்டு.

கர்சன் 1925-இல் இறந்தார். போடியத்தையும் டாட்டர்ஷாலையும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதிவைத்திருந்தார். போடியத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் மறு ஆண்டு அச்சில் வந்தது.

கோட்டையைச் சுற்றி முடித்து ஆற்றுப் பக்கம் இறங்கும்போது, பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒரு கான்கிரீட் பெட்டி இருக்கிறது. 1940-இல் ஜெர்மன் படை கால்வாயைக் கடந்து தென்கரையில் இறங்கும் என்று நாடே காத்திருந்தபோது அவசரமாகக் கட்டிய பீரங்கிக் காவல் அறை. பழமையான கோட்டையின் அழகைக் கெடுக்கிறதே என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. எனக்கு அது போடியம் விவாதத்தில் யாரும் கூப்பிடாமல் வந்து சாட்சி சொன்ன ஆள் போலத் தெரிகிறது. 1385-இல் இருந்த அதே பயம், அதே கால்வாய், அதே பள்ளத்தாக்கு. இந்த முறை இடத்தைத் தேர்ந்தெடுத்தது படைப் பொறியாளர்கள். பிரதிபலிப்பைப் பற்றியோ உறவினர்களின் கேடயத்தைப் பற்றியோ அவர்களுக்குக் கவலை இல்லை. மேட்டுச் சரிவில் தயாராக நின்ற மதில்களைத் திரும்பிப் பார்க்காமல், கீழே இறங்கி, ரோதர் பாலத்தைக் குறிவைத்துக் கான்கிரீட்டை ஊற்றினார்கள்.